பெயர்த்தகடு இல்லாத பழைய டிராக்டர்: எந்த நாட்டு வண்டி, எந்த மாடல் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

மன்னார்குடிப் பக்கத்திலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். தாத்தா வாங்கிய டிராக்டர் கொட்டகையில் பல வருடமாக நிற்கிறது. சிவப்பு பானெட், முன்னால் மாஸி ஃபெர்குசன் முத்திரை. டேஷ்போர்டில் பெயர்த்தகடு இருந்த இடத்தில் ரிவிட் ஓட்டைகள் மட்டும்தான் மிச்சம். ஆர்.சி. புக்கும் காணவில்லை. "சீமையிலிருந்து கப்பல்ல வந்த வண்டி" என்று தாத்தா சொல்வாராம். உள்ளூர் மெக்கானிக், "இது செம்பியத்து டாஃபே 1035, மூணு சிலிண்டரைப் பார்த்தாலே தெரியுதே" என்கிறார்; அதாவது சென்னையில் டாஃபே நிறுவனம் செய்த வண்டி என்கிறார். விலை பேச வந்த வியாபாரி ஏதோ பழைய ஃபோர்டு என்று சொல்லி இரும்பு விலைக்குக் கேட்டிருக்கிறார். இதில் எது சரி என்பது கேள்வி. நல்ல வெளிச்சத்தில் எடுத்த படங்களையும் அனுப்பியிருக்கிறார்.

விடையை முதலில் சொல்லிவிடுகிறேன். தாத்தா சொன்னதுதான் சரி. படங்களில் தெரிகிற வரை, வண்டியின் கியர்பாக்ஸும் பின் அச்சும் இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரில் 1956-57 வாக்கில் செய்த ஃபெர்குசன் எஃப்.இ.35. எஞ்சின் அதோடு பிறந்ததில்லை, பிறகு ஏற்றியது. ஆகவே மெக்கானிக் கண்ட மூன்று சிலிண்டரும் உண்மைதான். அதை வைத்து வண்டி முழுவதையும் டாஃபே என்று முடிவுகட்டியதுதான் சரியில்லை. இரும்புக்குப் போடாதீர்கள்.

எப்படித் தெரிந்தது என்பதை விரிவாக எழுதுகிறேன். உங்கள் வண்டிக்கு மட்டுமில்லாமல், கொட்டகையில் பழைய டிராக்டர் வைத்திருக்கும் யாருக்கும் இது உதவும்.

முதலில் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். லாரிக்கு இருப்பதுபோல் இந்த வகை டிராக்டருக்குத் தனியாக சேசிஸ் சட்டம் கிடையாது. எஞ்சின், கிளட்ச் ஹவுசிங், கியர்பாக்ஸ், பின் அச்சு ஆகிய வார்ப்பிரும்புப் பெட்டிகளை ஒன்றோடு ஒன்று போல்ட் போட்டு இறுக்கினால் அதுவே முதுகெலும்பு. அதனால் எந்தப் பெட்டியையும் கழற்றிவிட்டு வேறு வண்டியின் பெட்டியை மாட்ட முடியும். ஐம்பது அறுபது வருடம் உழைத்த வண்டியில் அது நடந்தே இருக்கும். பானெட், மட்கார்டு, கிரில் எல்லாம் வெறும் தகரம். இடித்தால் மாற்றுவார்கள், துருப்பிடித்தால் மாற்றுவார்கள், பக்கத்து ஊர்க்காரர் புது மாடல் வாங்கினால் அதைப்போலத் தெரிய வேண்டும் என்றும் மாற்றுவார்கள். எனவே முத்திரையையும் மேலே தெரியும் நிறத்தையும் கடைசிச் சாட்சியாக வையுங்கள். வார்ப்பிரும்பில் எழும்பி நிற்கும் எண்கள்தான் முதல் சாட்சி.

அந்த எண்களைப் படிப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. கிரைண்டர், அரம், எமரி எதையும் கிட்டே கொண்டுபோகாதீர்கள். மண்ணெண்ணெயில் நனைத்த துணியைச் சுற்றி ஒரு இரவு விட்டால் எண்ணெய்ப் பிசுக்கு இளகிவிடும். பிறகு பித்தளைக் கம்பி பிரஷ்ஷால் தேயுங்கள். காய்ந்ததும் சுண்ணக்கட்டியைப் படுக்கவைத்துத் தேய்த்தால் எழும்பிய எழுத்தின் மேல் மட்டும் வெள்ளை ஒட்டும். பஞ்ச் அடித்துப் பள்ளமாக இருக்கும் எண்ணாக இருந்தால், மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பாருங்கள். இரவில் டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்துப் படம் எடுத்தால் பகலில் தெரியாத எண்ணும் தெரியும்.

வார்ப்பில் இரண்டு வகை எண்கள் இருக்கும். ஒன்று பாகத்தின் எண். மாஸி ஃபெர்குசன் பாகங்களில் நீளமான ஒரு எண்ணுக்குப் பின்னால் எம்1 என்றோ எம்91 என்றோ முடிவு வரும். எம்1 தனி உருப்படி. எம்91 பல உருப்படிகள் சேர்ந்த தொகுதி. இந்த முடிவு கண்ணில் பட்டால் அந்தப் பாகம் மாஸி குடும்பத்தைச் சேர்ந்தது என்பதில் சந்தேகம் வேண்டாம். இன்னொன்று வார்ப்புத் தேதி. நாள், மாதம், ஆண்டு மூன்றும் சிறியதாக இருக்கும். மாதம் எண்ணாகவும் இருக்கலாம், எழுத்தாகவும் இருக்கலாம். ஆண்டுக்கு ஒற்றை இலக்கம் மட்டும் போட்டிருப்பதும் உண்டு. அது அந்தப் பெட்டியை வார்த்த தேதி. வண்டி அதற்குச் சில வாரமோ சில மாதமோ கழித்து முழுமையாகியிருக்கும். கிளட்ச் ஹவுசிங், கியர்பாக்ஸ், பின் அச்சு மூன்றிலும் தேதிகள் நெருங்கி வந்தால் அவை ஒரே வண்டியில் பிறந்தவை. ஒன்று மட்டும் இரண்டு மூன்று வருடம் தள்ளி இருந்தால் அது பிற்பாடு வந்தது.

உங்கள் படங்களில் தேதி எதுவும் தெளிவாக இல்லை. ஆனால் அதைவிட நல்ல ஒரு சாட்சி கிடைத்திருக்கிறது: அடியில் மறைந்திருந்த பழைய பெயிண்ட். டேஷ்போர்டின் அடிப்பக்கத் தகரத்தில் சிவப்பு உரிந்த இடத்தில் சாம்பல் நிறம் தெரிகிறது. கால்வைக்கும் பலகைக்குக் கீழே, பின் அச்சுப் பெட்டியில் பிசுக்கு உதிர்ந்த இடத்தில் வெண்கல நிறம் மின்னுகிறது. அதைத் துரு என்று நினைத்ததாக எழுதியிருக்கிறீர்கள். துரு மின்னாது. தொழிற்சாலையில் அடித்த பெயிண்ட் அது.

ஃபெர்குசன் வண்டிகளின் நிறத்துக்கு ஒரு வரிசை இருக்கிறது. 1946-லிருந்து 1956 வரை கோவென்ட்ரியின் பேனர் லேன் தொழிற்சாலையில் செய்த டி.இ.20 தலை முதல் கால் வரை ஒரே சாம்பல். இரும்பும் சாம்பல், தகரமும் சாம்பல். 1956-ல் அதன் இடத்துக்கு வந்த எஃப்.இ.35-க்குத் தகரம் சாம்பல், இரும்பு வெண்கலப் பொன்நிறம். 1957 இறுதியில் மாஸி ஃபெர்குசன் என்ற புதுப் பெயரோடு தகரம் சிவப்பாகவும் இரும்பு சாம்பலாகவும் மாறியது; அந்த வண்டி எம்.எஃப்.35. பொன்நிற இரும்பு இருந்த காலம் மிகக் குறுகியது. அதனால்தான் உங்கள் வண்டியின் வயதை இவ்வளவு நெருக்கமாகச் சொல்ல முடிகிறது. மேலே தெரியும் சிவப்பும் மாஸி முத்திரையும் பிறகு யாரோ பட்டறையில் செய்தவை. அதில் ஏமாற்று எதுவும் இல்லை. மாஸி ஃபெர்குசன் என்பதே கடைக்காரர் முதல் உழவர் வரை எல்லோருக்கும் பழகிய பெயராகிவிட்ட பிறகு, பழைய சாம்பல் வண்டிக்குச் சிவப்பு அடிப்பது இயல்பாக நடந்தது.

பெயிண்ட் மட்டும் போதாது. அமைப்பும் ஒத்துப்போக வேண்டும். டி.இ.20-க்கும் 35-க்கும் தூரத்திலிருந்து பார்த்தால் உருவம் கிட்டத்தட்ட ஒன்றுதான். கிட்டே போனால் நிறைய வேறுபாடு. டி.இ.20-ல் ஒரே கியர் லீவர், முன்னுக்கு நான்கு கியர், பின்னுக்கு ஒன்று. அதில் எஞ்சினை ஸ்டார்ட் செய்வதும் அந்த லீவர்தான். ஒரு பக்கமாகத் தள்ளி "எஸ்" நிலைக்குக் கொண்டுபோனால் ஸ்டார்ட்டர் சுற்றும். அப்போது எந்தக் கியரும் விழுந்திருக்க முடியாது, ஆகவே வண்டி பாய்ந்து ஆளை மோதவும் முடியாது. 35-ல் இரண்டு லீவர்: மூன்று கியருக்கு ஒன்று, ஹை-லோவுக்கு ஒன்று. மொத்தம் முன்னுக்கு ஆறு, பின்னுக்கு இரண்டு. ஹை-லோ லீவர் நடுவில், ஸ்டார்ட் நிலையில் இருந்தால்தான் ஸ்டார்ட்டர் வேலை செய்யும். உங்கள் வண்டியில் இரண்டு லீவர் தெரிகிறது.

சீட்டுக்கு வலப்பக்கம் ஹைட்ராலிக் லிஃப்ட்டுக்கான லீவரைப் பாருங்கள். டி.இ.20-க்கு ஒன்று, 35-க்கு இரண்டு. இங்கும் உங்களுடையது இரண்டு. பின்னால் பி.டி.ஓ. தண்டையும், அதாவது கருவிகளைச் சுழற்ற எஞ்சின் சக்தியை வெளியே எடுக்கும் தண்டையும், அளந்துவிடுங்கள். ஆறு பல் இரண்டிலும் உண்டு, டி.இ.20-ல் விட்டம் ஒன்றே அரைக்கால் அங்குலம், அதாவது 28.6 மில்லிமீட்டர், 35-ல் 35 மில்லிமீட்டர். டி.இ.20 தண்டில் பெரிய அளவுக்கு மாற்றும் குழல் மாட்டியிருப்பதும் உண்டு, அதைக் கழற்றிவிட்டு அளக்க வேண்டும்.

லிஃப்ட் பற்றிப் பேச்சு வந்ததால் கொஞ்சம் நிற்கிறேன். உங்கள் கொட்டகையில் கிடப்பது எப்படிப்பட்ட வண்டி என்று தெரிய வேண்டும்.

வட அயர்லாந்துக்காரர் ஹாரி ஃபெர்குசன் கண்டுபிடித்ததுதான் இன்று உலகம் முழுவதும் எல்லா டிராக்டரிலும் இருக்கும் மூன்று புள்ளி இணைப்பு. கீழே இரண்டு கை, மேலே ஒரு டாப் லிங்க். அதற்கு முன் கலப்பையை வண்டிக்குப் பின்னால் கட்டி இழுத்தார்கள். கலப்பை பாறையிலோ வேரிலோ சிக்கினால் பின்சக்கரம் நிற்க, வண்டியின் முன்புறம் தூக்கி ஓட்டுபவர் மேலேயே கவிழும். பலர் செத்தார்கள். ஃபெர்குசன் அமைப்பில் கலப்பை வண்டியோடு ஒரே உடம்பாகிவிடுகிறது. மண்ணின் எதிர்ப்பு டாப் லிங்க் வழியாக முன்னோக்கித் தள்ளி, முன்சக்கரத்தைத் தரையோடு அழுத்திப் பிடிக்கிறது. அந்தத் தள்ளுவிசை டாப் லிங்க் மாட்டும் இடத்தில் உள்ள ஒரு கனத்த ஸ்பிரிங்கை அமுக்கும். ஸ்பிரிங் அமுங்கினால் வால்வு திறந்து லிஃப்ட் கலப்பையைக் கொஞ்சம் தூக்கும். மண் இளகினால் மறுபடி இறக்கும். ஓட்டுபவர் எதையும் தொட வேண்டியதில்லை. கலப்பையின் பாரம் பின்சக்கரத்தில் ஏறுவதால், எடை குறைந்த வண்டியாலேயே ஆழமாக உழ முடிந்தது. கம்ப்யூட்டரும் இல்லை, சென்சாரும் இல்லை. ஒரு ஸ்பிரிங்கும் வால்வும்தான். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அந்த மனிதர்மேல் மரியாதை கூடுகிறது.

வியாபாரி ஃபோர்டு என்று சொன்னதற்கும் இங்கேதான் வேர் இருக்கிறது. 1938-ல் ஃபெர்குசனும் ஹென்றி ஃபோர்டும் எழுத்தில் ஒப்பந்தம் இல்லாமல் கைகுலுக்கி ஒத்துக்கொண்டு, 1939-ல் ஃபோர்டு 9என் டிராக்டரைக் கொண்டுவந்தார்கள். பேரன் இரண்டாம் ஹென்றி ஃபோர்டு பொறுப்புக்கு வந்ததும் உறவு முறிந்தது. ஃபோர்டு அதே அமைப்போடு 1947-ல் 8என் விட, ஃபெர்குசன் வழக்குப் போட்டார். 1952-ல் 92.5 லட்சம் டாலருக்கு வழக்கு தீர்ந்தது. அமெரிக்கக் கூட்டின் வழியே வந்த வண்டி 8என். இங்கிலாந்தில் ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனத்தோடு சேர்ந்து போர்க்கால விமான எஞ்சின் தொழிற்சாலையில் செய்தது டி.இ.20. இரண்டும் உடன்பிறந்தவைபோல இருக்கும், குழப்பம் வரத்தான் செய்யும். டி.இ.20 மொத்தம் ஐந்து லட்சத்துப் பதினேழாயிரத்துக்கு மேல் செய்தார்கள். எவரெஸ்ட் ஏறிய எட்மண்ட் ஹிலாரி 1958 ஜனவரியில் தென்துருவத்துக்குப் போய்ச் சேர்ந்ததும் இந்தச் சாம்பல் ஃபெர்குசன்களில்தான்.

இப்போது எஞ்சினுக்கு வருவோம், சிக்கல் அங்கேதான். எஃப்.இ.35 டீசல் வண்டிக்குத் தொழிற்சாலையில் மாட்டிய எஞ்சின் ஸ்டாண்டர்டு 23சி. நான்கு சிலிண்டர், 2.26 லிட்டர். குளிரில் ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கும் என்று இங்கிலாந்தில் கெட்ட பெயர் வாங்கிய எஞ்சின் அது. 1959-ல் மாஸி ஃபெர்குசன் பீட்டர்பரோ நகரத்துப் பெர்கின்ஸ் நிறுவனத்தையே வாங்கிவிட்டது. அந்த ஆண்டிலிருந்துதான் 35-க்கு மூன்று சிலிண்டர் பெர்கின்ஸ் வந்தது. உங்கள் எஞ்சினில் இன்ஜெக்டர் குழாய்கள் மூன்று. எஞ்சின் எண்ணின் தொடக்கத்தில் 152 என்று படிக்க முடிகிறது. அது பெர்கின்ஸ் 3.152-இன் அடையாளம்: மூன்று சிலிண்டர், 152 கன அங்குலம், நம் கணக்கில் 2.5 லிட்டர். பொன்நிறக் காலத்து வண்டியில் அது பிறப்பிலேயே இருந்திருக்க வழியில்லை.

ஆக, 23சி தேய்ந்தபோது பெர்கின்ஸ் ஏற்றியிருக்கிறார்கள். இதைக் குறையாக நினைக்க வேண்டாம். இங்கிலாந்திலேயே நிறையப் பேர் இந்த மாற்றத்தைச் செய்தார்கள். நம் பக்கத்தில் அதற்கு இன்னும் வலுவான காரணம் இருந்தது. சென்னை சிம்ப்சன் நிறுவனம் பெர்கின்ஸ் உரிமத்தோடு செம்பியத்தில் டீசல் எஞ்சின் செய்துகொண்டிருந்தது. பெட்ரோல் லாரிகளில் சிம்ப்சன் பெர்கின்ஸ் ஏற்றுவது அப்போது ஊரறிந்த வேலை. பெர்கின்ஸுக்கு உதிரிபாகமும் கிடைக்கும், கைபழகிய மெக்கானிக்கும் கிடைப்பார். 23சி-க்கு இரண்டும் எளிதில்லை. உங்கள் தாத்தாவோ அவருக்கு யோசனை சொன்னவரோ விவரமாகத்தான் செய்திருக்கிறார்கள்.

எஞ்சின் பீட்டர்பரோவில் செய்ததா, செம்பியத்தில் செய்ததா? 152-க்கு அடுத்து இருக்கும் எழுத்துகளைச் சுத்தம் செய்து படியுங்கள். அங்கே "யூ" இருந்தால் பிரிட்டனில் கட்டியது. சிம்ப்சன் எஞ்சினாக இருந்தால் சிம்ப்சன் பெயரோடு ஒரு தகடோ, தகடு இருந்த ரிவிட் ஓட்டையோ இருக்க வேண்டும். எஞ்சின் பிளாக்கின் பிசுக்கைச் சுரண்டும்போது அடியில் பொன்நிறம் வருகிறதா என்றும் பாருங்கள். கியர்பாக்ஸில் பொன்நிறம் இருந்து பிளாக்கில் சுத்தமாக இல்லாவிட்டால், நான் சொல்லும் மாற்றத்துக்கு அதுவே உறுதி. டைனமோவும் ஸ்டார்ட்டரும் லூகாஸ் நிறுவனத்தவை என்றால் உடம்பில் மாதமோ வாரமோ, ஆண்டோடு பஞ்ச் அடித்திருக்கும். இங்கிலாந்து லூகாஸா, சென்னைப் பாடியின் லூகாஸ்-டிவிஎஸ்ஸா என்றும் தெரியும். இவை அடிக்கடி மாறும் உருப்படிகள் என்பதால் துணைச் சாட்சியாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

மெக்கானிக் சொன்ன டாஃபேயை ஏன் விலக்குகிறேன் என்றும் சொல்ல வேண்டும். அவர் பிறழச் சொல்ல நியாயமான காரணம் இருக்கிறது. டாஃபே 1960-ல் சென்னையில் தொடங்கியது, மாஸி ஃபெர்குசன் கூட்டோடு. சிம்ப்சன் எந்தக் குழுமமோ அதே அமால்கமேஷன்ஸ் குழுமம்தான். 35-இன் வம்சத்திலிருந்தே இங்கே 1035 வந்தது. அதன் மூன்று சிலிண்டர் எஞ்சின் சிம்ப்சன். தமிழ்நாட்டில் மெக்கானிக்குகள் கைபட்டு வளர்ந்த வண்டி அது. ஆகவே மூன்று சிலிண்டர் மாஸியைக் கண்டால் 1035 என்று வாய் தானாகச் சொல்லும். ஆனால் 1961-62-ல் இந்தியா முழுவதும் செய்த மொத்த டிராக்டர்களே 880தான். பொன்நிற இரும்பு அதற்கு நான்கு வருடம் முன்பே முடிந்துபோன விஷயம். அந்த நிறத்தோடு ஒரு வண்டி செம்பியத்தில் பிறந்திருக்க முடியாது. கப்பலில்தான் வந்திருக்க வேண்டும்.

நம்பர் பிளேட்டும் இதற்கு ஒத்துவருகிறது. அழிந்தது போக "எம்.டி." என்ற தொடக்கம் தெரிகிறது. அது மெட்ராஸ் மாநிலம் என்று பெயர் இருந்த காலத்து வரிசை. மாநிலத்தின் பெயர் 1969 ஜனவரி 14-ல் தமிழ்நாடு ஆனது. டி.என். என்று இப்போது நாம் பார்க்கும் வரிசை 1989-க்குப் பிறகு வந்தது. அந்த எண்ணை முழுதாகப் படிக்க முடிந்தால் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் பழைய பதிவேட்டைக் கேட்டுப் பாருங்கள். பதிவு செய்த ஆண்டை வண்டி செய்த ஆண்டாக எடுத்துக்கொள்ளக் கூடாது. கப்பல், துறைமுகம், விற்பனையாளரின் கொட்டகை என்று இடையில் காலம் ஓடியிருக்கும். பதிவேட்டில் சேசிஸ் எண் என்று எழுதியிருப்பது பெரும்பாலும் தொலைந்துபோன உங்கள் தகட்டில் இருந்த வரிசை எண்தான். அது கிடைத்துவிட்டால் நான் இங்கே அடுக்கிய சாட்சிகள் எல்லாம் இரண்டாம் பட்சம்.

ஏனென்றால் கோவென்ட்ரி 35 வண்டிகளின் எண் வரிசை தெளிவாக இருக்கிறது. 1956-ல் 1001-ல் தொடங்கியது. 1957-இன் முதல் வண்டி 9226, 1958-க்கு 79553, 1959-க்கு 125068, 1960-க்கு 171471, 1961-க்கு 220614, 1962-க்கு 267528, 1963-க்கு 307231, 1964-க்கு 352255. உங்களுடையது 79553-க்குக் கீழே இருக்க வேண்டும் என்பது என் கணிப்பு. எண்ணுக்கு முன்னால் வரும் எழுத்துகளும் பேசும். எஸ் என்றால் சாதாரண வயல் வண்டி. அடுத்து "டி" இருந்தால் நான்கு சிலிண்டர் டீசல், "என்" (N) இருந்தால் மூன்று சிலிண்டர் பெர்கின்ஸ். பதிவேட்டில் எஸ்.டி. என்று தொடங்கினால் எஞ்சின் மாறிய கதை உறுதியாகிவிடும். 1962-ல் 44 குதிரைத்திறனோடு வந்த 35எக்ஸும், 1964 இறுதியில் வந்த 135-உம் உங்கள் கணக்கில் வராது. 135-இன் கிரில் சதுரமாக இருக்கும், பார்த்ததுமே தெரியும்.

பதிவேட்டில் எண் கிடைத்தால் அதைப் புதுத் தகட்டில் அடித்து ஒட்டிவிடலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். ஹவுசிங்கில் பஞ்ச் அடிக்கலாம் என்றும் சொல்வார்கள். செய்யாதீர்கள். சேசிஸ் எண்ணையும் எஞ்சின் எண்ணையும் நாமாகத் திருத்துவதும் புதிதாக அடிப்பதும் சட்டப்படி குற்றம். அலுவலகத்தில் எழுதிக்கொடுத்து அவர்கள் சொல்லும் வழியில்தான் போக வேண்டும்.

மாஸி குடும்பம் இல்லாத வண்டி வைத்திருப்பவர்களுக்கும் சில வார்த்தை. பல நிறங்களுக்கு அடியில் நீலமும், சக்கரத்தில் ஆரஞ்சும் தெரிந்தால் அது ஃபோர்டுசன். பெரிய உருவம் என்றால் 1952-லிருந்து லண்டன் அருகே டேகன்ஹாமில் செய்த மேஜர், சிறியது என்றால் 1957-ல் வந்த டெக்ஸ்டா. டெக்ஸ்டாவிலும் பெர்கின்ஸ் வழிவந்த மூன்று சிலிண்டர்தான் இருக்கும் என்பதால் சிலிண்டரை எண்ணி மாஸி என்று சொல்லிவிட வேண்டாம். 1965-க்குப் பிந்தைய ஃபோர்டில் ஸ்டார்ட்டர் அருகே ஹவுசிங்கில் பஞ்ச் அடித்த குறியீடு இருக்கும்: முதல் இலக்கம் ஆண்டு, அடுத்த எழுத்து மாதம், பிறகு நாள், கடைசி எழுத்து ஷிஃப்ட். வார்ப்பில் சி5என்என் என்பதுபோல எண் தொடங்கினால் சி 1960-களையும் 5 அதில் 1965-ஐயும் குறிக்கும். டி என்றால் 1970-கள். சிவப்பு வண்டியில் நான்கு சிலிண்டரும் ஐ.எச். என்ற பின்னிய எழுத்தும் இருந்தால் இன்டர்நேஷனல் பி-275. இங்கிலாந்தில் டான்காஸ்டரில் பிறந்த மாடல். பம்பாயில் மஹிந்திரா கூட்டில் 1965-லிருந்து செய்தார்கள். ரேடியேட்டரே இல்லாமல், காற்றில் குளிரும் எஞ்சின் என்றால் ஐஷர். ஃபரீதாபாத்தில் அதன் முதல் வண்டி 1959 ஏப்ரல் 24-ல் வெளிவந்தது. செக் நாட்டு ஸெட்டோர் பரோடாவில் ஹிந்துஸ்தான் பெயரிலும், பிஞ்சோரில் 1971-லிருந்து எச்.எம்.டி. பெயரிலும் வந்தது. போலந்தின் உர்சுஸ் எஸ்கார்ட்ஸ் பெயரில் வந்தது. தகட்டிலோ வார்ப்பிலோ ரஷ்ய எழுத்து இருந்தால் டிடி-14பி அல்லது பெலாரஸ் என்று தேடத் தொடங்கலாம்.

ஸ்பேனரும் நாட்டைச் சொல்லும். ஃபெர்குசன், மாஸி வண்டிகளில் நட்டு போல்ட் அங்குலக் கணக்கு. ஐஷர், ஸெட்டோர், உர்சுஸ் எல்லாம் மில்லிமீட்டர். ஆனால் 19 ஸ்பேனரை வைத்துச் சோதிக்காதீர்கள். முக்கால் அங்குலம் 19.05 மில்லிமீட்டர், ஆகவே அது இரண்டிலும் பொருந்தும். பதினாறில் ஒன்பது அங்குலம், அதாவது 14.3 மில்லிமீட்டர் ஸ்பேனரை எடுத்துப் போங்கள். அது ஆடாமல் இறுக்கமாக உட்கார்ந்தால் அங்குல வண்டி. பழைய போல்ட் அசலாக இருக்கும் இடத்தில், உதாரணமாக லிஃப்ட் மூடியின் மேல், பார்க்க வேண்டும். பட்டறையில் மாற்றிய போல்ட்டைப் பார்த்து முடிவெடுக்கக் கூடாது.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. கிளட்ச் ஹவுசிங், கியர்பாக்ஸ், பின் அச்சு மூன்றிலும் வார்ப்புத் தேதியைத் தேடிப் படம் எடுங்கள். 152-க்கு அடுத்த எழுத்துகளைப் படியுங்கள். பி.டி.ஓ. தண்டை அளங்கள். கிளட்ச் பெடலைப் பாதி மிதித்தால் வண்டி நின்று, பி.டி.ஓ. தொடர்ந்து சுற்றுகிறதா என்பதை எஞ்சின் ஓடத் தொடங்கிய பிறகு பாருங்கள். சுற்றினால் இரட்டைக் கிளட்ச் வைத்த வண்டி. ஆனால் வருடக்கணக்கில் நின்ற எஞ்சினை அவசரப்பட்டு ஸ்டார்ட் செய்ய வேண்டாம். பழைய டீசலையும் ஆயிலையும் வடித்துவிட்டு, இன்ஜெக்டர்களைக் கழற்றி, சிலிண்டரில் கொஞ்சம் ஆயில் விட்டு, கையால் சுழல்கிறதா என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள்.

உதிரிபாகம் வாங்கப் போகும்போது கடையில் "35 மாஸி" என்று பொதுவாகச் சொன்னால் தவறான சாமான் வரும். எஞ்சினுக்கு "பெர்கின்ஸ் 3.152" என்று கேளுங்கள், பிஸ்டன், லைனர், கேஸ்கட் எல்லாம் இன்றும் கிடைக்கின்றன. கியர்பாக்ஸுக்கும் லிஃப்டுக்கும் பாகத்தின் மேலேயே இருக்கும் எம்1, எம்91 எண்ணை எழுதிக்கொண்டு போய்க் கேளுங்கள். பெயிண்ட் அடிப்பதை எல்லா எண்ணும் படித்து முடித்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள். அடிக்கும்போது கால்பலகைக்குக் கீழே மின்னும் அந்தப் பொன்நிறத் துண்டை மட்டும் மூடாமல் விட்டுவைக்கச் சொல்லுங்கள். பதிவேடு கிடைக்காமல் போனால் இந்த வண்டியின் வயதுக்கு உங்கள் கையில் இருக்கும் முக்கிய அத்தாட்சி அதுதான்.